கின்னஸ் ஊற்றிய மாட்டுக்கறி ஸ்டியூ: உங்கள் சட்டியில் என்ன நடந்தது?

டப்ளினுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் வைத்த ஸ்டியூவை வீட்டில் ஒருவராலும் சாப்பிட முடியவில்லை. அவ்வளவு கசப்பு. கஷாயம் குடித்த மாதிரி நாக்கின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. ஒரு கிலோ கறிக்கு ஒரு லிட்டர் கின்னஸ், அதாவது இந்த ஊர்க் கருப்பு பீர், ஊற்றியிருந்தேன். குழம்பு தண்ணீராக இருக்கிறதே என்று மூடியைத் திறந்து, தீயைக் கூட்டி, பாதியாக வற்ற விட்டேன். அன்று ரொட்டியும் முட்டையும் தின்றுவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் படிக்கட்டில் வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தபோது சொன்னேன். எழுபது வயதைத் தாண்டியவர், கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். எவ்வளவு ஊற்றினாய் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சனிக்கிழமை காலை கீழே வா, சேர்ந்து வைப்போம் என்றார். அன்று கற்றுக்கொண்டதை வைத்துத்தான் பத்து வருடமாக எங்கள் வீட்டில் ஸ்டியூ வேகிறது.

கசப்பு எங்கிருந்து வருகிறது என்பதை எனக்குப் புரியவைத்தது எங்கள் தெரு. கின்னஸ் ஆலை இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். ஆர்தர் கின்னஸ் 1759-ல் வருடம் 45 பவுன் வாடகைக்கு 9000 வருடக் குத்தகை எழுதி வாங்கிய இடம் அதுதான். காற்று இந்தப் பக்கம் திரும்பும் நாட்களில் பார்லி வறுபடும் வாசனை ஜன்னல் வழியாக வரும். முளைகட்டாத பார்லியைக் காப்பிக்கொட்டையைப் போலக் கருக வறுக்கிறார்கள். அந்தக் கருப்பிலும் கசப்பு உண்டு, பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவிலும் கசப்பு உண்டு. வற்ற விட்டால் தண்ணீர்தான் ஆவியாகும், கசப்பு அப்படியே சட்டியில் தங்கிவிடும். நான் செய்தது கசப்பைக் காய்ச்சி எடுத்த வேலை.

அந்த அம்மாவின் கணக்கு இது: ஒரு கிலோ கறிக்கு 300 மில்லி பீர், அரை லிட்டர் எலும்புச் சாறு, அரைக் கிலோ வெங்காயம். வெங்காயத்தைப் பார்த்து எனக்கே மலைப்பாக இருந்தது. வெண்ணெயில், சிறு தீயில், இருபத்தைந்து நிமிடம் பொறுமையாக வதக்கினார். அது குழைந்து பொன்னிறமாகி இனிப்பு ஏறிய பிறகுதான் பீரைத் தொட்டார். பெரிய துண்டாக நறுக்கிய கேரட்டும், வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும் பார்ஸ்னிப் கிழங்கும் அந்த இனிப்புக்குத் துணை. இவ்வளவு போட்டும் கசந்தால் ஒரு கரண்டி பழுப்புச் சர்க்கரை, அவ்வளவுதான்.

கறியைப் பற்றி அவர் பேசியதை நான் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கொழுப்பில்லாத நல்ல சதையாகப் பார்த்து வாங்கினால் மூன்று மணி நேரத்தில் அது பஞ்சு போல வறண்டுவிடும். கேட்டு வாங்க வேண்டியது ஷின், அதாவது முழங்காலுக்குக் கீழே இருக்கும் கறி. வெள்ளை வெள்ளையாக நரம்பும் சவ்வும் ஓடியிருக்கும். பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. அந்தச் சவ்வுதான் 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்லக் கரைந்து குழம்பை உதட்டில் ஒட்டும் பதத்துக்குக் கொண்டுவருகிறது. நம் ஊர் ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் உறையுமே, அதே சங்கதி. துண்டுகளைப் பெரிதாகவே வெட்டுங்கள், வேக வேகச் சுருங்கும்.

பிறகு ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, உப்பும் மிளகும் தூவி, மைதாவில் லேசாகப் புரட்டி, ஏழெட்டுத் துண்டாகப் போட்டுச் சிவக்க வறுக்க வேண்டும். அவசரப்பட்டு மொத்தத்தையும் கொட்டினால் கறி தண்ணீர் விட்டு அவிந்துவிடும், சிவக்காது. வறுத்த பிறகு சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைக் கழுவிவிடாதீர்கள். வெங்காயத்தை அதே சட்டியில் வதக்கி, பீரை ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினால் எல்லாம் குழம்பில் கலந்துவிடும். தைம் இரண்டு கொத்து, பிரிஞ்சி இலை ஒன்று, தக்காளி விழுது ஒரு கரண்டி. மூடி போட்டு 150 டிகிரி ஓவனில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ஓவன் இல்லாவிட்டால் அடுப்பிலேயே வைக்கலாம், ஆனால் தளதளவென்று கொதிக்கக் கூடாது. எப்போதாவது ஒரு குமிழி வந்தால் போதும்.

மிளகாய்த்தூள், கரம் மசாலா பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். போட்டால் நல்ல மாட்டுக்கறிக் குழம்பு கிடைக்கும், ஸ்டியூ கிடைக்காது.

இன்னொன்று. இதுதான் ஐரிஷ் ஸ்டியூவா என்று கேட்டபோது அந்த அம்மா உறுதியாக இல்லை என்றார். அவருடைய பாட்டி வைத்த ஐரிஷ் ஸ்டியூ ஆட்டுக் கழுத்துக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர், கடைசியில் பார்ஸ்லி. நிறம் வெள்ளை. கேரட் போடலாமா என்பதற்கே இன்றும் வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிறது. அந்தக் காலத்தில் மாட்டுக்கறி ஏழை வீட்டுச் சட்டிக்கு வருவது அபூர்வம். பதினெட்டாம் நூற்றாண்டில் கார்க் துறைமுகத்திலிருந்து உப்பிட்ட மாட்டுக்கறி பீப்பாய் பீப்பாயாகக் கப்பல் ஏறியது, மாட்டை வளர்த்தவர்கள் உருளைக்கிழங்கைத் தின்றார்கள். கின்னஸ் ஊற்றிய ஸ்டியூ பின்னால் வந்த உணவு. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, பெயரை மட்டும் சரியாகச் சொல் என்றார்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

அக்கா, நான் கார்க்கில் இருக்கிறேன். இங்கே எங்கள் கறிக்கடைக்காரர் ஸ்டியூவுக்குக் கின்னஸ் வேண்டாம் என்றே சொல்லிவிடுவார். மர்ஃபிஸ் வாங்கச் சொல்வார். 1856-ல் இதே ஊரில் தொடங்கிய ஸ்டவுட் (கின்னஸ் மாதிரிக் கருப்பு பீர்), ஊர்ப்பாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் காரணமும் உண்டு: மர்ஃபிஸ் கின்னஸைவிடக் கசப்பு குறைந்தது. நான் ஒரு கிலோவுக்கு 400 மில்லி வரை ஊற்றியிருக்கிறேன், கசக்கவில்லை.

என் தோல்வி வேறு மாதிரி. முதல் தடவை பெரிய கடை ஒன்றில் துண்டு போட்டு அடைத்த கறி வாங்கினேன். ஸ்டியூவுக்கு என்றுதான் எழுதியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் பாதித் துண்டுகள் வெண்ணெயாக வெந்துவிட்டன, மீதி ரப்பர். பல இடத்துக் கறியைக் கலந்து போட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. அதற்கப்புறம் இந்த ஊர் இங்கிலீஷ் மார்க்கெட் என்ற சந்தைக்குப் போய் ஷின்னை முழுசாக வாங்கி நானே வெட்டுகிறேன்.

*

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு விஷயம். கொதித்தால் ஆல்கஹால் எல்லாம் போய்விடும் என்று பலர் சொல்லி நானும் நம்பினேன். அப்படி இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, குழம்பில் சேர்த்து அரை மணி நேரம் வெந்தால் சுமார் 35 சதவீதம் மிச்சம் இருக்கும், ஒரு மணி நேரத்தில் 25, இரண்டரை மணி நேரத்தில் 5. கின்னஸில் இருப்பதே நான்கு சதவீதம் சொச்சம், அதில் 300 மில்லி, அதை ஆறு பேர் பங்கிட்டால் மிகக் குறைவுதான். ஆனாலும் நான் கர்ப்பமாக இருந்தபோது மனம் ஒப்பவில்லை. குடியை விட்ட அண்ணன் ஒருவரும் எங்களோடு இருந்தார். அவருக்கு அளவு முக்கியமில்லை, அந்த வாசனையே வேண்டாம் என்றார். அது அவர் பெரும்பாடு பட்டு எடுத்த முடிவு, ஆகவே அந்த வருடம் முழுவதும் பீர் பாட்டிலே வீட்டுக்குள் வரவில்லை.

எலும்புச் சாற்றில் பால் சேர்க்காத காப்பி கால் டம்ளரும் ஒரு கரண்டி கருப்புச் சர்க்கரைப் பாகும் சேர்த்தேன். ஸ்டவுட்டின் சுவை அப்படியே வராது. அந்த வறுபட்ட அடித்தளம் மட்டும் கிடைக்கும். இப்போது ஆல்கஹால் இல்லாத கின்னஸ் 0.0 கடையில் இருக்கிறது, வேண்டியவர்கள் அதை ஊற்றலாம். அளவை மட்டும் கூட்டாதீர்கள், கசப்பு அதிலும் உண்டு.

*

கால்வேயிலிருந்து. வேலை முடிந்து ஏழு மணிக்கு வருபவன் நான், மூன்று மணி நேரம் எங்கே போவது? குக்கரில்தான் வைக்கிறேன். முதல் முறை திறந்ததும் பச்சை பீர் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. மூடிய குக்கரில் எதுவும் அதிகமாக வெளியே போவதில்லை. இப்போது பீரை ஊற்றி ஐந்து நிமிடம் திறந்தே கொதிக்கவிட்டு, பிறகு எலும்புச் சாற்றைப் பாதி அளவு மட்டும் ஊற்றி மூடுகிறேன். சிறு தீயில் நாற்பது நிமிடம். கேரட்டைக் கறியோடு போட்டால் கூழாகிவிடுகிறது, ஆவி அடங்கித் திறந்த பிறகு போட்டுப் பத்து நிமிடம் வேக விடுகிறேன். ஓவனில் வைத்த பதம் இல்லை, ஆனால் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு இது பெரிய சாப்பாடு.

ஒரு சந்தேகம் அக்கா. உருளைக்கிழங்கை உள்ளேயே போடுவீர்களா, தனியாகவா?

*

தனியாகத்தான் தம்பி. இங்கே கிடைக்கும் ரூஸ்டர் வகைக் கிழங்கு, சிவப்புத் தோல் உள்ளது, மாவு மாவாக வேகும். உள்ளே போட்டால் பாதி கரைந்துவிடும். வெள்ளை ஸ்டியூவில் அந்தக் கரைசல்தான் குழம்பைக் கெட்டியாக்குகிறது, அங்கே அது வேண்டும். பீர் ஊற்றியதற்கு மசித்த கிழங்கு, நிறைய வெண்ணெய், கொஞ்சம் பால். அல்லது மோர் விட்டுப் பிசைந்து சுட்ட சோடா ரொட்டி.

முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே வைத்துவிடுங்கள். ராத்திரி குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால் மேலே கொழுப்பு வெள்ளையாக உறையும், வழித்து எடுக்கச் சுலபம். கசப்பும் மறுநாள் அடங்கியிருக்கும். சூடாக்கும்போது இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

போன மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் திருநாள் அன்று அந்த அம்மாவை மேலே சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். படியேற இப்போது கஷ்டப்படுகிறார், என் மகன் கையைப் பிடித்து அழைத்து வந்தான். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். கடைசியில் ரொட்டித் துண்டால் தட்டைச் சுற்றி வழித்துச் சாப்பிட்டுவிட்டு, வெங்காயம் எத்தனை நிமிடம் வதக்கினாய் என்றார். முப்பது என்றேன். தலையாட்டினார்.