மறு: ஸ்பீக்கர் 'சரவுண்ட்': தமிழில் 'கரை' எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். ஒலிபெருக்கியில் முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் கூம்பின் வெளி ஓரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் நெகிழ்வான பட்டையை ஆங்கிலத்தில் 'சரவுண்ட்' என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த விவாதத்தில் ஒரு நண்பர் எழுதியது:

> 'சுற்றுவளையம்' என்றாலே போதும். கூம்பைச் சுற்றி இருக்கிறது, வளையமாக இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

வடிவம் சரிதான். ஆனால் ஒலிபெருக்கியைக் கழற்றிப் பார்த்தால் வளையங்களுக்குப் பஞ்சமே இல்லை. பின்னால் இருக்கும் ஃபெரைட் காந்தம் வளையம், பெட்டியோடு ஒட்டும் கேஸ்கெட்டும் வளையம். "சுற்றுவளையம் போய்விட்டது" என்று ஒருவர் எழுதினால் எது போனது என்று திரும்பக் கேட்க வேண்டிவரும். 'சரவுண்ட்' என்றே விட்டுவிடலாம் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. நம் வீடுகளில் சரவுண்ட் என்றால் அறையைச் சுற்றி ஐந்தாறு ஸ்பீக்கர் வைப்பதுதான். ரிப்பேர் கடையில் 'ஃபோம் போயிருக்கு' என்பார்கள். அது எதனால் செய்தது என்பதைச் சொல்கிறதே தவிர, உறுப்பின் பெயர் ஆகாது. துணியால் செய்திருந்தால் என்ன சொல்வது?

இதற்கு நல்ல பெயர் வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. பழைய ஒலிபெருக்கி வைத்திருப்பவரை முதலில் கைவிடுவது இந்த உறுப்புதான். காந்தம் அரை நூற்றாண்டு தாங்கும். தாள் கூம்பும் பெரும்பாலும் தாங்கிவிடும். பாலியூரித்தேன் நுரையில் (ஃபோம்) செய்த இந்தப் பட்டை தாங்காது. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடும். 15, 20 ஆண்டுகளில் தொட்டால் பிசுபிசுவென்று விரலோடு வரும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அந்த அளவுகூடத் தாங்குவதில்லை.

ஏ.ஆர். 3ஏ என்ற பழைய ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் 1954-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் தொடங்கிய அகூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1967-இல் வெளியிட்டது. அதில் தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர், அதாவது ஊஃபர், 12 அங்குலம். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு ஸ்பிரிங்காகிவிடும் என்பதுதான் வில்ச்சரின் யோசனை. அப்படியானால் கூம்பைப் பிடித்திருக்கும் பாகங்கள் மிகத் தளர்வாக இருக்கலாம். சின்னப் பெட்டியிலிருந்தே ஆழமான பேஸ் வரும். ஆக, நாம் பெயர் தேடும் உறுப்புக்கு அங்கே இரண்டு வேலை. கூம்போடு சேர்ந்து நெகிழ வேண்டும், காற்றையும் அடைத்து நிற்க வேண்டும்.

அந்த இரண்டாவது வேலையைக் கையாலேயே சோதிக்கலாம். கூம்பை விரல் நுனிகளால் சமமாக உள்ளே அழுத்தி விடுங்கள். மெல்லத் திரும்பி வந்தால் பெட்டி நன்றாக அடைபட்டிருக்கிறது. சட்டென்று துள்ளினால் எங்கோ கசிகிறது. நுரை உதிர்ந்த ஜோடிக்குக் கையில் கிடைத்த தடித்த ரப்பரை ஒட்டிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அளவு பொருந்தியிருந்தது, விறைப்பு பொருந்தவில்லை. ஒத்ததிர்வு, அதாவது கூம்பு தன்னியல்பாக அதிரும் அதிர்வெண், மேலே ஏறிவிட்டது. மிருதங்கத்தின் தொப்பி வெறும் தட்டலாகக் கேட்டது. அவ்வளவு அருமையான ஒலிபெருக்கிக்கு அந்தக் கதி வரக்கூடாது.

என் பரிந்துரை: கரை.

வேட்டிக்கும் சேலைக்கும் கரை சில நேரம் உடலோடு சேர்த்தே நெய்தது, சில நேரம் தனியே வைத்துத் தைத்தது. இங்கேயும் அப்படியே. பழைய வானொலிப் பெட்டி ஸ்பீக்கர்கள் பலவற்றில் கூம்பின் தாளே ஓரத்தில் மடிப்பு மடிப்பாக நெளிந்திருக்கும். பிற்காலத்தவற்றில் நுரையையோ ரப்பரையோ துணியையோ தனியாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கலாம்.

'நெகிழ்விளிம்பு' என்று முன்பே வந்த பரிந்துரையில் பொருள் துல்லியமாக இருக்கிறது. ஆனால் 'நுரை நெகிழ்விளிம்பை மாற்றினேன்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கலைச்சொல்லுக்கு என் அளவுகோல் அதுதான்: அடைமொழி ஏற்க வேண்டும், வினையோடு சேர வேண்டும். நுரைக்கரை, ரப்பர்க்கரை, துணிக்கரை. கரை மாற்றுதல், கரை விட்டுப்போதல். பழைய பிரிட்டிஷ் ஒலிபெருக்கிகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு வாக்கியத்திலும் வைத்துப் பார்க்கிறேன்: "1970-களின் டானாய் எச்.பி.டி.-யில் நுரைக்கரை, இன்னும் கரை மாற்றாத ஜோடி என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்." "பி.பி.சி. வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ-யில் நுரைக்கரை இல்லை, அந்தக் கவலை வேண்டாம்." "1957-இல் வந்த க்வாட் இ.எஸ்.எல்.-இல் கூம்பே கிடையாது, இழுத்துக் கட்டிய மெல்லிய படலம்தான். கரை என்ற பேச்சுக்கே இடமில்லை." எங்கும் இடறவில்லை.

> கரை என்றால் ஆற்றங்கரை நினைவுக்கு வராதா? கட்சி வேட்டி வேறு.

வரட்டும். ஊசிக்குக் காது என்கிறோம், தேங்காய்க்குக் கண் என்கிறோம், யாரும் குழம்பியதில்லை. குழப்பம் வரும் இடத்தில் மட்டும் 'கூம்புக்கரை' என்று விரித்து எழுதிக்கொள்ளலாம்.

சொற்பட்டியலில் இப்படிப் பதியலாம் என்று நினைக்கிறேன். கரை: ஒலிபெருக்கிக் கூம்பின் வெளி ஓரத்தைச் சட்டத்தோடு இணைத்து, கூம்பு முன்னும் பின்னும் அசைய இடம் கொடுத்து, முன்பின் காற்று கலக்காமல் தடுக்கும் நெகிழ்வான பட்டை.

கூம்பின் அடிப்பகுதியை உள்ளே பிடித்திருக்கும் நெளிந்த துணி வட்டான 'ஸ்பைடர்' என்பதை 'உள்கரை' எனலாமே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். எனக்கு உடன்பாடில்லை. அது காற்றை அடைப்பதில்லை. துணியின் கண்கள் வழியே காற்று போய்வரும். கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளைக் காந்த இடைவெளியின் நடுவில் நிறுத்துவதுதான் அதன் முதல் வேலை. நெளிநெளியாக இருப்பது மட்டும்தான் ஒற்றுமை. அதற்கு வேறு விவாத இழை தொடங்குவோம், இதோடு கலக்க வேண்டாம்.

'கரை' வேண்டாம் என்பவர்கள், 'கரை மாற்றுதல்' என்பதற்கு ஈடாக எதைச் சொல்வீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.