16 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி: நட்சத்திரம் கோடாகத் தெரிகிறது, கண்ணாடியைத் திரும்பத் தேய்க்கணுமா?

மொட்டைமாடி_கோவை: நானே தேய்த்த 16 அங்குலக் கண்ணாடி, எஃப் 4.5 (குவியத் தூரம் விட்டத்தைப் போல 4.5 மடங்கு), சாதாரண பிளேட் கிளாஸ், 38 மி.மீ. தடிமன், 12 கிலோ எடை. குறைந்த உருப்பெருக்கத்தில் எல்லாம் அழகு. 200 மடங்குக்குப் போனால் நட்சத்திரம் புள்ளியாக நிற்பதில்லை. ஃபோகஸை உள்ளே தள்ளினால் கோடு படுக்கிறது, வெளியே இழுத்தால் நிமிர்கிறது. கொலிமேஷன், அதாவது கண்ணாடிகளின் நேர்ச்சீர், சரியாக இருக்கிறது. நகராத நட்சத்திரம் வேண்டுமே என்று துருவ நட்சத்திரத்தை வைத்துத்தான் பார்த்தேன்.

பிட்ச்_லேப்: அது அஸ்டிக்மாடிசம், கண்ணாடி ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருக்கும் குறை. தேய்க்கும்போது கண்ணாடியை அடிக்கடி திருப்பி வைக்காவிட்டால் இந்த அளவில் வந்தே தீரும், கத்தி விளிம்பால் ஒளியை மறித்துப் பரப்பைப் பார்க்கும் கத்திமுனைச் சோதனையில் லேசில் பிடிபடவும் செய்யாது. பூச்சை எடுத்துவிட்டு மறுபடி பாலிஷ் போடுங்கள்.

சுவாதி_நோக்கி: கொஞ்சம் பொறுங்கள் சார், மாதக்கணக்கில் தேய்த்த கண்ணாடி அது. கோவையிலிருந்து துருவ நட்சத்திரம் சுமார் 11 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. அதை வைத்துச் சோதிக்கச் சொல்லி வெளிநாட்டுக்காரர்கள் எழுதிவைத்த யோசனை நமக்கு ஒத்துவராது. அவ்வளவு தாழ்வாகக் குழாயைச் சாய்த்தால் கண்ணாடி கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும், 12 கிலோவும் கீழ் விளிம்புத் தாங்கிகள் மேல்தான். அவை கண்ணாடியின் எடைமையத்துக்கு நேராக இல்லாமல் பின்னால் தள்ளி இருந்தாலே கண்ணாடி வளையும். அலைமுகத்தில், அதாவது கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி அலையின் வடிவில், கால் அலைப் பிழை வர, பரப்பு வெறும் 70 நானோமீட்டர் பிசகினால் போதும்.

தம்பி, கண்ணாடியை செல்லுக்குள், அதாவது அதைத் தாங்கும் சட்டத்துக்குள், 90 டிகிரி திருப்பி வைத்துப் பாருங்கள். கோடும் கூடவே திரும்பினால் குறை கண்ணாடியில். கிளிப்புகள் கண்ணாடியை அழுத்தக் கூடாது, ஒரு தாள் நுழையும் இடைவெளி வேண்டும்.

பிட்ச்_லேப்: கோடு திரும்பாவிட்டால் உடனே செல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஒளியைக் கண்பக்கம் திருப்பும் துணைக் கண்ணாடி சிலிக்கான் பசையில் இழுபட்டிருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் என்ன ஆனது? சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி இருந்ததால் 2.4 மீட்டர் கண்ணாடியின் விளிம்பு சுமார் 2 மைக்ரான் தட்டையாகிப் போனது. வேறு சோதனைகள் பிழையைக் காட்டியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்ணாடியைச் சந்தேகிக்கத் தயங்கக் கூடாது.

சுவாதி_நோக்கி: நானும் அதைத்தான் சொல்கிறேன், ஒரே சோதனையை நம்பிக் கண்ணாடியில் கை வைக்காதீர்கள். துணைக் கண்ணாடிதான் காரணம் என்றால் எந்த உயரத்திலும் கோடு பெரிதாக மாறாது. இப்போது சுவாதி நட்சத்திரம் நம் உச்சிக்குப் பக்கத்தில் வருகிறது, அதில் பாருங்கள். தலையைச் சாய்த்தும் பாருங்கள், கூடவே கோடும் சாய்ந்தால் குறை உங்கள் கண்ணில்.

மாட்டுப்பட்டி_ராத்திரி: நடுவில் ஒரு விஷயம். மொட்டை மாடித் தளம் நள்ளிரவு வரை சூடு விடும், பிளேட் கிளாஸ், சூட்டில் குறைவாக விரியும் பைரெக்ஸ் கண்ணாடியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். பின்னால் ஃபேன் ஓடவிட்டு ஆறிய பிறகு பாருங்கள்.

மொட்டைமாடி_கோவை: ஃபேன் போட்டு, கண்ணாடியைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். துருவத்தில் கோடு பழைய திசையிலேயே நிற்கிறது. சுவாதியில் கிட்டத்தட்ட இல்லை, லேசான நீள்வட்டம் மட்டும். தலையைச் சாய்த்தும் மாற்றமில்லை.

பிட்ச்_லேப்: அந்த நீள்வட்டம் கண்ணாடியோடு திரும்பியதா? அதைச் சொல்லுங்கள். பெரும்பங்கு செல் என்று ஒத்துக்கொள்கிறேன், மிச்சம் கண்ணாடியில் இருக்கிறது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

சுவாதி_நோக்கி: இருக்கலாம். முதலில் கீழ்த் தாங்கிகள் இரண்டையும் 90 டிகிரி இடைவெளியில், எடைமையத்துக்கு நேராக மாற்றுங்கள் தம்பி. அப்புறம் உச்சியில் 300 மடங்கில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.