ரயிலில் படிக்க ஒரு கொலை, ஒரு காதல்

குழு: நம்ம வீடு

திவ்யா: அத்தை, வெள்ளிக்கிழமை டெல்லிக்கு ரயில். முப்பது மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். பழைய லண்டன், குதிரை வண்டி, மூடுபனி, ஒரு கொலை, கூடவே ஒரு காதல். இப்படி ஏதாவது நாவல் சொல்லுங்கள்.

கார்த்தி: ஷெர்லாக் ஹோம்ஸ். பேச்சு முடிந்தது.

சாந்தி சித்தி: அதில் காதல் எங்கே கார்த்தி? அந்த மனுஷன் வயலினைத் தவிர எதையும் கொஞ்ச மாட்டார்.

கார்த்தி: அவருடைய நண்பர் வாட்சனுக்குக் கல்யாணம் ஆகிறதே சித்தி.

விஜி அத்தை: சரியான இடத்தைத் தொட்டாய். 'தி சைன் ஆஃப் ஃபோர்', 1890. மேரி மார்ஸ்டன் என்ற பெண்ணுக்கு ஆக்ராவிலிருந்து வந்த புதையலில் பங்கு இருக்கிறது. வாட்சனுக்கு அவள்மேல் ஆசை. ஆனால் வாயைத் திறக்க மாட்டார். போரில் அடிபட்டு ஊர் திரும்பிய ராணுவ டாக்டர், கையில் பணமில்லை. இந்த நேரத்தில் போய்க் கேட்டால் சொத்துக்காக வந்தவன் என்று ஆகிவிடும். கடைசியில் பெட்டியைத் திறந்தால் காலி. நகையெல்லாம் தேம்ஸ் நதிக்கடியில். அந்த நிமிடமே காதலைச் சொல்லிவிடுகிறார். புதையல் தொலைந்ததுதான் அங்கே முகூர்த்தம்.

திவ்யா: அத்தை!! முடிவையே சொல்லிவிட்டீர்கள்.

விஜி அத்தை: கொலை செய்தது யார் என்று சொல்லவில்லையே. எனக்கு இந்த வகைக் கதைகள் பிடிப்பதே இதனால்தான். கொலை ஒரு பக்கம், காதல் ஒரு பக்கம் என்று ஓடாது. இரண்டையும் பிடித்து இழுப்பது சொத்தும் சட்டமும் ஊர் வாயும்.

ராமு மாமா: 🌹🌹 இனிய இரவு வணக்கம். இரவில் தயிர் தவிர்ப்போம், நலமுடன் வாழ்வோம். 🌹🌹

கார்த்தி: மாமா, இங்கே கொலை நடந்துகொண்டிருக்கிறது.

ராமு மாமா: பார்த்தேன். ரிஜிஸ்டர் ஆபீசில் வேலை பார்த்தவள் நாவலிலும் பத்திரத்தைத்தான் தேடுவாள்.

விஜி அத்தை: ஆமாம், தேடுவேன். 1870க்கு முன்னால் இங்கிலாந்தில் ஒரு பெண் கழுத்தை நீட்டினால் அவள் கையிருப்பு, நகை, சம்பாத்தியம் எல்லாம் புருஷனுக்குப் போய்விடும். அப்பா விவரமானவராக இருந்து தனியாக செட்டில்மென்ட் எழுதி வைத்திருந்தால்தான் தப்பிக்கும். 1870இல் வந்த சட்டம் அவள் உழைத்துச் சம்பாதித்ததை அவளுக்கே விட்டது. சொத்தை அவள் பேரிலேயே வைத்துக்கொள்ள வழி செய்தது 1882 சட்டம். அதனால் நாவலைத் திறந்ததும் கதை எந்த வருடத்தில் நடக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். 1850 என்றால் வில்லன் தாலி கட்டினாலே போதும், கொள்ளை முடிந்தது. 1890 என்றால் பாவம், அவன் இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

சாந்தி சித்தி: தாலியா 😄

திவ்யா: பிடிக்காத புருஷனை விவாகரத்து செய்துவிட்டுப் போகலாமே?

விஜி அத்தை: 1857 வரைக்கும் முழு விவாகரத்து வேண்டுமென்றால் பார்லிமென்ட்டில் தனியாக ஒரு சட்டமே போட வேண்டும். எத்தனை பேரால் முடியும்? அதற்கப்புறம் கோர்ட் வந்தது. ஆனால் மனைவி இன்னொருத்தனோடு இருந்தாள் என்று நிரூபித்தால் புருஷனுக்குப் போதும். மனைவி கேட்டால், அவன் இன்னொருத்தியோடு இருந்ததும் போதாது, கூடவே கொடுமை செய்தான், விட்டுவிட்டு ஓடினான் என்று ஏதாவது காட்ட வேண்டும். இப்படிக் கதவை அடைத்து வைத்தால் நாவலாசிரியருக்கு விஷப் பாட்டில் தானாகவே கிடைக்கும்.

கார்த்தி: எல்லாம் சரி அத்தை. ஆனால் விக்டோரியா ராணி காலத்துக் கதை என்று இப்போது எழுதப்படும் நாவல்களில் நாயகி எல்லாரும் ஒரே அச்சு. இடுப்பை இறுக்கும் கார்செட் பிடிக்காது, ரத்தத்தைப் பார்த்தால் மயங்க மாட்டாள், முதல் அத்தியாயத்தில் ஒரு பிரபுவைத் திட்டுவாள், கடைசி அத்தியாயத்தில் அவனையே கட்டிக்கொள்வாள்.

விஜி அத்தை: அது உண்மை. இந்தக் காலத்துப் பெண்ணுக்குப் பாவாடையை மட்டும் மாட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று பத்து பக்கத்திலேயே தெரிந்துவிடும். அந்த ஊர்க் கட்டுப்பாடு அவளைக் கடிக்கவே கடிக்காது. இஷ்டத்துக்குப் போவாள், வருவாள். அப்படி இருந்தால் மர்மத்திலும் ருசி இல்லை, காதலிலும் ருசி இல்லை. அந்தப் புத்தகங்களை நான் பாதியில் வைத்துவிடுவேன்.

சாந்தி சித்தி: நான் அவற்றையும் படிப்பேன். எனக்குக் கையுறையைக் கழற்றும் காட்சி ஒன்று இருந்தால் போதும். விரலைத் தொட ஐம்பது பக்கம் காத்திருக்கிறார்கள் அக்கா! துணைக்கு ஒரு கிழவி கூடவே உட்கார்ந்திருக்க, மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள்.

விஜி அத்தை: நீ படிப்பதில் ஒன்று கவனித்தாயா? துப்பறியும் நாயகி பாதிப் பேர் விதவை.

சாந்தி சித்தி: அட, ஆமாம். கறுப்பு உடையைப் போட்டுவிட்டால் சோகமாக, அழகாக இருக்கும் என்று எழுதுகிறார்கள் என நினைத்தேன்.

விஜி அத்தை: அதுவும்தான். இரண்டு வருடம் துக்க உடை, க்ரேப் துணி, விட்பி ஊரில் எடுக்கிற ஜெட் என்ற கறுப்புக் கல்லில் நகை. 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா ராணி சாகும்வரை கறுப்பிலேயே இருந்தார், ஊரும் அந்த நாகரிகத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கதைக்கு வசதி வேறு இடத்தில் இருக்கிறது. கல்யாணமாகாத பெண் துணையில்லாமல் வெளியே போனால் பேர் கெடும். கல்யாணமானவள் சட்டப்படி புருஷனுக்குள் அடக்கம். விதவைக்கு இந்த இரண்டு தடையும் இல்லை. தன் பேரில் சொத்து வைக்கலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம், வண்டி பிடித்துத் தனியாகப் போய் யாரையும் விசாரிக்கலாம். எழுதுகிறவருக்கு அவளை விட்டால் வேறு யார் கிடைப்பார்?

திவ்யா: இதை நான் யோசித்ததே இல்லை.

ராமு மாமா: போலீஸ் எதற்கு இருக்கிறது? இந்த அம்மாக்கள் ஏன் விசாரிக்க வேண்டும்?

விஜி அத்தை: அப்படிக் கேளுங்கள். லண்டன் போலீசில் துப்பறியும் பிரிவு 1842இல் ஆரம்பித்தபோது மொத்தம் எட்டுப் பேர்தான். பெரும்பாலும் சாதாரணக் குடும்பத்துக்காரர்கள். பெரிய வீட்டுக்குள் நுழைந்து அந்த வீட்டுப் பெண்ணின் துணிமணியை எடுத்துக் காட்டு என்று சொன்னால் ஊரே கொதிக்கும். உண்மையிலேயே நடந்தது. 1860இல் ரோட் ஹில் என்ற வீட்டில் ஒரு சின்னக் குழந்தையைக் கொன்றுவிட்டார்கள். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து விச்சர் என்ற இன்ஸ்பெக்டர் வந்தார். காணாமல் போன ஓர் இரவு உடையை வைத்து, குழந்தையின் அக்கா முறையான பதினாறு வயதுப் பெண்ணைச் சந்தேகப்பட்டுக் கைது செய்தார். பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. அவளை விட்டுவிட்டார்கள். 1865இல் அவளே வந்து நான்தான் செய்தேன் என்றாள்.

கார்த்தி: அந்த ஆளின் நிலைமை?

விஜி அத்தை: அதற்குள் வேலையிலிருந்தே விலகிவிட்டார்.

சாந்தி சித்தி: பாவம். அதனால்தான் சீமாட்டியும் இன்ஸ்பெக்டரும் ஜோடி என்று இத்தனை தொடர்கள் வருகின்றனவா? அவளால் வரவேற்பறைக்குள் போக முடியும், அவனால் சந்துக்குள் போக முடியும்.

விஜி அத்தை: அதேதான். நடுவில் வர்க்கம் நிற்கும். அவர்கள் சேர்வார்களா என்பதும் கொலைகாரன் அகப்படுவானா என்பதும் ஒரே கேள்வி ஆகிவிடும்.

திவ்யா: நிஜத்தில் காதலும் கொலையும் சேர்ந்த வழக்கு ஏதாவது உண்டா அத்தை?

விஜி அத்தை: மேடலின் ஸ்மித். கிளாஸ்கோ, 1857. பணக்கார வீட்டுப் பெண். சாதாரண குமாஸ்தா ஒருவரோடு ரகசியக் காதல், எக்கச்சக்கக் கடிதம். 1840இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால் வந்ததும் இந்த மாதிரி விவகாரம் எல்லாம் சுலபமாகிவிட்டது, நம் குழுவில் செய்தி பறக்கிற மாதிரிதான். அப்புறம் வீட்டில் வேறு நல்ல இடம் பார்க்கிறார்கள். காதலன் கடிதங்களை அப்பாவிடம் காட்டுவேன் என்கிறான். கொஞ்ச நாளில் ஆர்சனிக் விஷத்தால் செத்துப்போகிறான். அவள் ஆர்சனிக் வாங்கியிருந்தாள். 1851 சட்டப்படி கடை ரிஜிஸ்டரில் கையெழுத்து வேறு இருக்கிறது.

கார்த்தி: தூக்கா?

விஜி அத்தை: இல்லை. ஸ்காட்லாந்தில் அப்போது மூன்றாவதாக ஒரு தீர்ப்பு இருந்தது: நிரூபிக்கப்படவில்லை. அதைச் சொல்லி விட்டுவிட்டார்கள். கடிதங்களை மட்டும் கோர்ட்டில் சத்தமாகப் படித்தார்கள். கொலையைவிட அவள் அப்படி எழுதினாள் என்பதில்தான் பலருக்கு அதிர்ச்சி.

ராமு மாமா: நான் போன மாதம் ஒன்று படித்தேன். 1875 லண்டன் என்று போட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் கண்ணாடிக் கோப்பையில் கைரேகை எடுக்கிறார். அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

விஜி அத்தை: பார்த்தீர்களா! இவரை ஏமாற்ற முடியாது.

ராமு மாமா: ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு வந்ததே 1901 ஜூலையில். ராணி அந்த ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். கல்கத்தாவில் அதற்கு முன்பே, 1897இல் இருந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு பேர். பேர் மட்டும் மேலதிகாரி ஹென்றிக்குப் போனது. இதை வைத்து யாராவது நாவல் எழுதினால் நான் வாங்குகிறேன்.

ராமு மாமா: இன்னொன்று. எங்கள் பாட்டி ஆரணி குப்புசாமி முதலியார் நாவல் என்றால் சோற்றையே மறந்துவிடுவார். அந்த முதலியார் தழுவி எழுதியதில் பல, ரெயினால்ட்ஸ் என்ற லண்டன்காரரின் கதைகள். 1844இல் வாரம் ஒரு பென்னி விலையில் 'லண்டன் மர்மங்கள்' எழுத ஆரம்பித்தவர். ஆகவே விக்டோரியா மர்மம் இந்த வீட்டுக்கு உங்களால் வந்தது என்று நினைக்க வேண்டாம்.

கார்த்தி: மாமா அடித்த சிக்ஸர் 👏

திவ்யா: சரி, எனக்குப் புத்தகம்? வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

விஜி அத்தை: அந்தக் காலத்து எழுத்தாளர் வில்கி காலின்ஸ். அவருடைய இரண்டு பெரிய நாவல் இருக்கிறது. 'தி உமன் இன் வொயிட்' 1859, 60இல் வாரத் தொடராக வந்தது. இருபதாயிரம் பவுண்டுக்காகக் கல்யாணம் செய்யும் கதை. நான் சொன்ன சட்டம் முழுக்க அதில் உயிரோடு இருக்கிறது. மரியன் என்று ஒருத்தி, இரண்டு பேர் சதி பேசுவதை ஒட்டுக்கேட்க ராத்திரி வராந்தாக் கூரைமேல் போகிறாள். அதற்கு முதலில் பட்டு கவுனைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அந்த உடையோடு போனால் மூன்று ஆண்பிள்ளைகளின் இடத்தை அடைப்பாள். அப்புறம் மழை வேறு. கார்த்தி கேட்ட நாயகி இவள்தான், கட்டுப்பாடு உடம்பிலேயே தெரியும்.

சாந்தி சித்தி: ஆனால் காதல் கொஞ்சம் ஊறுகாய் அளவுதான் அதில். கதாநாயகனுக்கு மரியன்மேல் காதல் வராமல் போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விஜி அத்தை: நானும்தான். அதனால் திவ்யா, நீ 1868 நாவலில் ஆரம்பி. 'தி மூன்ஸ்டோன்'. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஓர் ஆங்கிலேய அதிகாரி கொள்ளையடித்த வைரம். அது ரேச்சல் என்ற பெண்ணின் பதினெட்டாவது பிறந்தநாளுக்குப் பரிசாக வருகிறது. அன்றைக்கு ராத்திரியே காணாமல் போகிறது. வெளியே மூன்று இந்தியப் பிராமணர்கள் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ரோட் ஹில் வழக்கின் இரவு உடை வேறு வேஷத்தில் இதில் வரும். ரோஜாச் செடிப் பைத்தியமான ஒரு சார்ஜென்ட் வருவார். எல்லாரும் மாறி மாறிக் கதை சொல்வார்கள். முதலில் வீட்டு வேலைக்காரப் பெரியவர் வளவளவென்று பேசுவார், அவரைப் பொறுத்துக்கொள். பொறுத்துக்கொள்ள வேண்டியதே இருக்காது, சிரித்துக்கொண்டே போகும்.

திவ்யா: காதல்?

விஜி அத்தை: ரேச்சலுக்கு ஒருவன்மேல் உயிர். வைரம் போன மறுநாளிலிருந்து அவனோடு பேச மாட்டாள், போலீசிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

சாந்தி சித்தி: நகையைத் தொலைத்தவளே ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்?

விஜி அத்தை: அதைச் சொன்னால் திவ்யா ரயிலில் தூங்கிவிடுவாள். காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்தது, குட்டன்பெர்க் என்ற இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. இறக்கி வைத்துக்கொள்.

திவ்யா: இறக்கிவிட்டேன் அத்தை. ராத்திரியே ஆரம்பிக்கிறேன்.

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திவ்யா: அண்ணா!!! நான் படித்துவிட்டேன்.