ரீகன்ஃபர்ம் செய்யச் சொல்லும் விமானங்கள் எவை? விவரம் தேவை

வணக்கம். புறப்பாட்டுக்கு 72 மணி நேரம் முன்பு போன் செய்து சீட்டை மறு உறுதி செய்யும் பழைய முறையைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் கைவிட்டுவிட்டன. ஆனாலும் சில சிறு நிறுவனங்களும் சார்ட்டர் விமானங்களும் கேட்பதுண்டு. அண்மையில் யாரிடமாவது அப்படிக் கேட்டார்களா? எந்தத் தடம், எத்தனை மணி நேரம் முன்பு, போனிலா இணையத்திலா?

பதிலில் டிக்கெட் விற்ற நிறுவனத்தையும் விமானத்தை இயக்கும் நிறுவனத்தையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். கோட்ஷேர் (ஒரு நிறுவனம் விற்ற டிக்கெட்டில் இன்னொரு நிறுவனம் விமானத்தை இயக்குவது) என்றால் பெரும்பாலும் இரண்டுக்கும் வேறுவேறு பி.என்.ஆர். (எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் கொண்ட முன்பதிவு எண்) இருக்கும், ஒன்றின் எண் மற்றதன் தளத்தில் திறக்காது.

"தேவையில்லை, விட்டுவிடுங்கள்" என்ற ஒற்றை வரிப் பதில் மட்டும் வேண்டாம். மறு உறுதி போனாலும் சரிபார்ப்பு போகவில்லையே! ஏஜென்ட் தன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் நேர மாற்றத் தகவல் அவருக்குத்தான் போகும். மாற்றத்துக்குப் பின் டிக்கெட்டை மறுபடி வழங்காமல் விட்டால், புக்கிங் 'உறுதி' என்றே காட்டும், செக்-இன் மட்டும் நடக்காது. அதனால் 13 இலக்க டிக்கெட் எண் ஒவ்வொரு கட்டப் பயணத்தோடும் இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வி: ஏஜென்ட் வழி எடுத்த டிக்கெட்டில் நேரம் மாறியபோது, விமான நிறுவனமே நேரடியாக மாற்றித் தந்ததா, ஏஜென்டிடமே திருப்பி அனுப்பியதா?