சிங்கப்பூர் தேக்கால (லிட்டில் இந்தியா) போன் ஆக்சஸரீஸ் கவுண்டர் போடப் போறேன், இப்ப என்ன ஸ்டாக் எடுக்கலாம்?

ஈசூன்காரன்:
வணக்கம் மக்களே, தேக்கால தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் அவர் கடை வாசல்ல சின்னதா ஒரு கவுண்டர் தர்றேங்கிறார். போன் விக்கிற ஐடியா இல்ல, கவர், டெம்பர் கிளாஸ் (ஸ்க்ரீன் மேல ஒட்டுற கண்ணாடி), சார்ஜர், கேபிள், ப்ளூடூத் ஹெட்செட் மட்டும்தான். என் பயமே ஷாப்பீங்கிற ஆன்லைன் கடைதான், எதக் கேட்டாலும் அங்க என்ன விலைன்னு தட்டிப் பாத்துட்டுதான் பர்ஸையே திறக்குறாங்க. எல்லாம் டைப் சி ஆயிருச்சே, பழைய ஐபோனுக்குப் போடுற லைட்னிங் கேபிள் வாங்கிப் போட்டா தேங்கிருமா? காந்தம் வச்ச சார்ஜர் நிஜமாவே ஓடுதா இல்ல வீடியோல மட்டும்தானா? இந்த லைன்ல இருக்குறவங்க சொல்லுங்களேன்.

கேபிள் அங்கிள்:
தம்பி, கவர்ல காச முடக்காத. மாடலுக்கு மாடல் சைஸ் மாறும், ஐபோன் 16 கவர் 17க்கு சேராது, கலர் வேற பத்து விதமா கேப்பாங்க, ஒரு வருஷம் போனா அப்படியே அட்டைப் பெட்டிக்குத்தான் போகும். டெம்பர்தான் சோறு போடும். 13, 13 ப்ரோ, 14, 16இ நாலுக்கும் ஒரே கிளாஸ் போடலாம், 16 ப்ரோ கிளாஸ் 17க்கும் 17 ப்ரோவுக்கும் உக்காரும், அதனால கொஞ்ச ஸ்டாக்லயே நிறைய பேர சமாளிக்கலாம்.

ஷாப்பீய நெனச்சு பயப்படாத. அங்க வாங்கின கிளாஸ எடுத்துட்டு வந்து "அங்கிள் இத ஒட்டிக் குடுங்க"ன்னு நிப்பாங்க, மூஞ்சத் திருப்பாம ஒட்டிக் குடுத்து ரெண்டு மூணு வெள்ளி (டாலர்) வாங்கிக்க, அடுத்த தடவ உன்கிட்டதான் வாங்குவாங்க. ஏர்கான் நேரா அடிக்கிற எடத்துல மட்டும் ஒட்டாத, தூசி பறந்து வந்து உக்காரும். ஈரத் துணி, காஞ்ச துணி, அப்புறம் ஸ்டிக்கர வச்சு மிச்சத் தூசிய ஒவ்வொண்ணா தொட்டு எடு, மேல ஸ்பீக்கர் ஓட்டைய நேரா வச்சுட்டு கைய விடு, தானா படிஞ்சு கீழ எறங்கும். நடுவுல அமுக்குனா முட்டை முட்டையா காத்து நின்னுக்கும், அத வெளிய தள்ளுறதுக்குள்ள அடுத்த ஆளு கெளம்பிருவாரு.

சார்ஜரு நல்லா ஓடும். 2020ல ஐபோன் 12லருந்து பெட்டில சார்ஜர் கெடையாது, அடுத்த வருஷமே சாம்சங்கும் எஸ்21ல எடுத்துட்டான். ஆனா இங்க சுவத்துல குத்துற எந்த சார்ஜருக்கும் சேஃப்டி மார்க் இருக்கணும், இல்லாதத வித்தா 10,000 வெள்ளி வரைக்கும் ஃபைன், ஜெயிலும் உண்டு. மலிவா இருக்குன்னு மார்க் இல்லாத சரக்க எவனாவது தள்ளிவிட்டா தொடாத. சாம்சங் ஆளுங்களுக்கு குடுக்கும்போது பிபிஎஸ்னு (PPS, வேகமா சார்ஜ் ஏத்துற ஒரு முறை) எழுதியிருக்கான்னு பாரு, அது இல்லன்னா போன்ல சூப்பர் ஃபாஸ்ட்னு காட்டாது, சண்டைக்கு வருவாங்க.

ஞாயிறு தேக்கா:
அங்கிள் சொன்னது சரி, ஆனா எங்கள மாதிரி தொழிலாளிங்க தங்குற டார்மிட்டரி பக்கமும் கொஞ்சம் பாருங்கண்ணே. நாங்க ஞாயித்துக்கெழம வந்தா மொதல்ல கேக்குறது ரெண்டு மீட்டர் கேபிள், ஏன்னா ப்ளக் ஒரு மூலைல இருக்கும் கட்டில் ஒரு மூலைல இருக்கும், ஒரு மீட்டர் கேபிள் எங்களுக்கு ஆகவே ஆகாது. லைட்னிங் தேங்காது. ஆப்பிள் 2023ல ஐபோன் 15லருந்து டைப் சிக்கு மாத்திட்டான், ஆனா எங்க ரூம்ல ஐபோன்னா செகண்ட்ஹேண்ட் 11, 12, 13தான். மொத்தமா அடுக்காம அளவா வையுங்க. இன்னொண்ணு நெக்பேண்ட், இதப் பழசுன்னு ஒதுக்கிராதீங்க, கழுத்துல தொங்குறதால கீழ விழுந்து தொலையாது, வீட்டுக்கு வீடியோ கால் பேசுனா மணிக்கணக்கா தாங்குது. ஊருக்கு வாங்கிட்டுப் போறவங்களுக்கு சார்ஜர் விக்காதீங்க, இங்க சதுரக் கம்பி, அங்க உருண்டக் கம்பி, கேபிளும் பட்ஸும்தான் வாங்குவாங்க.

சாங்கி நைட் ஷிஃப்ட்:
ஊருக்குப் போறவங்கன்னா பவர் பேங்க்தான் முக்கியம், அதுல ஒரு விஷயம். 2025 ஜனவரில பூசான்ல ஏர்பஸ் ஒண்ணு தீப்பிடிச்சதுக்கு அப்புறம் நிறைய ஏர்லைன் கெடுபிடி ஆயிட்டாங்க, ஏப்ரல் 1லருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் ரெண்டுலயும் ஃப்ளைட்ல பவர் பேங்க்ல போன் சார்ஜ் போடக் கூடாது, பவர் பேங்க்கையும் சீட் யூஎஸ்பில சொருகக் கூடாது. கைப்பையிலதான் கொண்டு போகணும், 100 வாட் அவர் (பேட்டரில எவ்ளோ மின்சாரம் நிக்கும்ங்கிற அளவு) வரைக்கும் கேள்வி இல்ல. 20,000 எம்ஏஎச்னா கிட்டத்தட்ட 74 வாட் அவர், தாராளமா போகும், 30,000 எடுத்தா 111 ஆயிரும், ஏர்லைன் பர்மிஷன் கேட்டு நிக்கணும், அதனால பெருசு வாங்கி வைக்காதீங்க. வாட் அவர் அழிஞ்சு போகாம அச்சடிச்சிருக்குற பிராண்டா பாத்து எடுங்க.

காந்தம் பத்தி கேட்டீங்கல்ல, ஓடுது. க்யூஐ2ன்னு வர்றது ஐபோன் மேக்சேஃப் மாதிரியே போன் பின்னாடி ஒட்டி நிக்கிற வயர்லெஸ் சார்ஜர், பிக்சல் 10ல உள்ளயே காந்தம் வச்சுட்டாங்க. சாம்சங் எஸ்25ல உள்ள காந்தம் கெடையாது, காந்தக் கவர் போட்டாதான் ஒட்டும். அங்கிள் கவரே வேணாங்கிறார், நான் சாம்சங் காந்தக் கவர் மட்டும் கொஞ்சம் வைக்கச் சொல்லுவேன், சார்ஜர் வாங்க வர்றவங்க ரெண்டையும் சேத்து எடுப்பாங்க.

ஈசூன்காரன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். போன் விலை ஏறுதுங்கிறாங்களே, யாரும் புதுசு வாங்கலன்னா நம்ம வியாபாரம் படுத்துருமா?

கேபிள் அங்கிள்:
நமக்கு அது நல்லதுதான் தம்பி. ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி சிப் அள்ளிட்டுப் போறதால போனுக்குப் போடுற மெமரியும் விலை ஏறிருச்சு, அந்தப் பக்கம் சாம்சங்கும் கூகுளும் பெரிய மாடலுக்கு ஏழு வருஷம் அப்டேட் தர்றோங்கிறான், ஒரே போன வச்சு ஓட்டுறவங்க கிளாஸ் மாத்துவாங்க, கேபிள் மாத்துவாங்க. எஸ்25 காந்தக் கவர் சரி, அத மட்டும் ஒத்துக்கிறேன். ப்ளூடூத் ஐட்டம் விக்கிறதுக்கு ஐஎம்டிஏல (தொலைத்தொடர்பு பாக்குற அரசு அமைப்பு) டீலர் லைசென்ஸ் உண்டு, ஸ்டாக் எடுக்குறதுக்கு முன்னாடி அதப் பாத்து முடி. அதெல்லாம் இருக்கட்டும், வாடகை எவ்ளோ சொல்றாரு அந்த அண்ணன்? அதச் சொல்லாம எவ்ளோக்கு சரக்கு எடுக்கலாம்னு யாராலயும் சொல்ல முடியாது.