லேபிள் கலந்துபோன ஆப்பிரிக்கக் கற்றாழைகள்: எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி:
வணக்கம். ஒரு தாவரவியல் பூங்காவின் கற்றாழைத் தொகுப்பை ஆவணப்படுத்தத் தன்னார்வலராக உதவுகிறேன். ஒரு பாத்தியில் புள்ளி இலைக் கற்றாழைகள் ஆறு இருக்கின்றன. களை எடுத்தபோது லேபிள்களையும் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். மூன்றுதான் கிடைத்தன. ஒன்றில் 'ஆலோ சாபோனேரியா' (ஆலோ என்பது கற்றாழைப் பேரினத்தின் அறிவியல் பெயர்), ஒன்றில் 'ஆலோ சீப்ரினா', மூன்றாவதில் சேர்க்கை எண் மட்டும், அதாவது செடி தொகுப்பில் சேர்ந்தபோது கொடுத்த பதிவு எண். இப்போது இரண்டு செடிகள் பூத்திருக்கின்றன. பூவை வைத்துப் பெயரை உறுதிசெய்து லேபிளைத் திரும்ப நட்டுவிடலாமா?

பதில் 1:
பூ வாடுவதற்குள் படம் எடுத்துவிடுங்கள். செடி முழுவதும், இலையின் இரு புறமும், ஓர முள், பூத்தண்டு முழுவதும், அப்புறம் ஒரு பூவை நெடுக்காக வெட்டி அளவுகோலோடு. நிறத்தையும் எழுதிவையுங்கள், காய்ந்தால் மாறிவிடும். சாபோனேரியாவை இப்போது மாக்குலாட்டா என்கிறார்கள். அதன் பூங்கொத்து உச்சியில் தட்டையாகக் குடைபோல் நிற்கும். சீப்ரினாவில் நீளமாக இருக்கும்.

பதில் 2:
படம் எடுங்கள், ஆனால் லேபிளை நடாதீர்கள். பெயரை எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம், பிறப்பிடத்தை மீட்க முடியாது. சேர்க்கை எண்தான் அந்தச் செடியை ஆப்பிரிக்காவில் எங்கே, எப்போது எடுத்தார்கள் என்ற குறிப்போடு கட்டிவைக்கிறது. பூ மாக்குலாட்டாவாக இருப்பதாலேயே அது அந்த எண்ணுக்குரிய செடி ஆகிவிடாது. ஆலோக்கள் பெரும்பாலும் தன் மகரந்தத்தில் விதை பிடிப்பதில்லை, பக்கத்துச் செடியோடு எளிதாகக் கலந்துவிடும். பாத்தியில் விழுந்து முளைத்த விதைக்கன்று கலப்பினமாகவே இருக்கலாம். சான்று இல்லாத செடிக்குப் புது எண் கொடுத்து, 'பிறப்பிடம் தெரியாது' என்றே எழுதுங்கள். பழைய எண்ணைச் சந்தேகக் குறியோடு குறிப்பில் வையுங்கள். லேபிளில் உள்ள பழைய பெயரையும் அழிக்க வேண்டாம். 2013இல் ஆலோ டைக்கோட்டோமாவை ஆலோயிடென்ட்ரான் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். பழைய பெயர் இல்லாவிட்டால் பழைய ஏடுகளில் அந்தச் செடியைத் தேடவே முடியாது.

கேட்டவர்:
நன்றி. நல்லவேளை, லேபிளை நட்டுவிடவில்லை. பழைய நடவு வரைபடம் ஒன்று கிடைத்தது, அதில் மூன்று செடிகள்தான். மற்ற மூன்று எங்கிருந்து வந்தன? இன்னொன்று, போன முறை இலையை அழுத்தி உலர்த்தப் பார்த்தேன், அழுகிவிட்டது.

பதில் 2:
பக்கக்கன்றுகளாக இருக்கலாம். மண்ணை மெதுவாக விலக்கிப் பாருங்கள். தாய்ச்செடியோடு தண்டு இன்னும் ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே செடிதான், ஒரே எண் போதும். ஒட்டவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம்.

பதில் 1:
இலையை நெடுக்காகப் பிளந்து உள்ளே இருக்கும் வழவழப்பான சோற்றைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். தோலை எரிசாராயத்தில் (ஸ்பிரிட்) நனைத்து அழுத்துங்கள், தாளைத் தினமும் மாற்றுங்கள். சில பூக்களை எரிசாராயக் குப்பியில் போட்டு, அதே எண்ணைக் குப்பிக்குள்ளும் பென்சிலில் எழுதிப் போடுங்கள்.

கேட்டவர்:
இன்று மண்ணை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கன்றுகள் வரைபடத்தின் இடது மூலைச் செடியோடு ஒட்டியிருக்கின்றன. மூன்றாவது தனியாக நிற்கிறது, அதற்குப் புது எண் கொடுத்துவிட்டேன்.