டிஸ்லெக்சியா உள்ள மகளுக்கு எவை உண்மையில் உதவும்?

கேள்வி:
எட்டு வயதான என் மகளுக்கு டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு இருப்பது சென்ற மாத மதிப்பீட்டில் தெரியவந்தது. கதையை வாசித்துக் காட்டினால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்கிறாள். அதே கதையைக் கையில் கொடுத்தால் மூன்றாவது வரிக்குள் கண் கலங்கிவிடுகிறது. தேடினால் செயலிகள், நிறக் கண்ணாடிகள், தனி எழுத்துருக்கள், மூளைப் பயிற்சிகள் என்று குவிகின்றன. எதை நம்பித் தொடங்குவது?

மறுமொழி 1:
நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. முதலில் நிறக் கண்ணாடியை ஒதுக்கிவிடுங்கள். டிஸ்லெக்சியா கண்ணின் கோளாறு அன்று. சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து, அவ்வொலிகளை எழுத்துகளோடு பொருத்துவதில்தான் பெரும்பாலான குழந்தைகள் இடறுகிறார்கள். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியபோது இதைப் 'பிறவிச் சொற்குருடு' என்றே குறித்தார். அந்தப் பெயரின் நிழல்தான் இன்றும் கண்ணாடி விற்றுக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஒலியையும் எழுத்தையும் எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசையாக, நேரடியாகக் கற்பிக்கும் பயிற்சியைத் தேடுங்கள். எந்த ஒலியில் தொடங்கி எதற்குப் போவீர்கள் என்று கேளுங்கள். வரிசையைச் சொல்லத் தெரியாதவரிடம் பணம் கட்ட வேண்டாம். ஆங்கிலப் பயிற்சித்தாள்களை அப்படியே மொழிபெயர்த்தவை தமிழ் வாசிப்புக்குப் போதா. 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கிறது, ஒலியோ பின்னே வருகிறது. காலும் 'ர'வும் ஒன்றுபோலத் தெரிகின்றன. இந்த இடறல்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

மறுமொழி 2:
என் மகனும் இதே நிலையில் இருந்தவன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். வாசிக்கப் பழகும் வரை அவன் அறிவு காத்திருக்கக் கூடாது. ஒலிநூல்களும், எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளும் அதற்கு உதவும். கேட்டுப் பழகினால் சோம்பேறியாகிவிடுவான் என்று ஓர் ஆசிரியர் எங்களைப் பயமுறுத்தியதில் ஓராண்டு வீணானது. புக்‌ஷேர் என்னும் இணைய நூலகம் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கும் உரியது. அச்சு நூல்களை வாசிக்க இயலாதவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றித் தர வழிசெய்யும் 2013-இன் மராகேஷ் பன்னாட்டு ஒப்பந்தமும் பார்வையற்றோரோடு இவர்களையும் சேர்த்தே சொல்கிறது. சான்று கேட்பார்கள், மதிப்பீட்டு அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். எழுத்துருவுக்காகப் பணம் செலவிட வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கி, இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு 'கொடி' என்று எழுதிக் காட்டினேன். 'கெரடி' என்று வாசித்தாள். இத்தனை நாள் அதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொண்டிருந்தேன். இதைச் சரிசெய்ய வீட்டில் என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
கொம்பையும் காலையும் ஒரே நிறத்திலும், நடுவில் உள்ள எழுத்தை வேறு நிறத்திலும் எழுதி, மூன்றையும் விரலால் ஒன்றாகச் சுற்றிக் காட்டி ஒரே ஒலியாகச் சொல்லச் சொல்லுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். களைத்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.